வரைவுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே

“அவகிட்ட சொல்லு, புத்தகப் பை கட்டுரையில ரெண்டாவது பத்தி இழுக்குதுன்னு.”

ஆசிரியரம்மா குறிப்பிட்ட அந்த ‘அவள்’, அதே மேசையின் மறுமுனையில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “அண்ணி, ரெண்டாவது பத்தி இழுக்குதாம்.”

“இழுக்கிற இடத்துல வெட்டச் சொல்லு. கத்தரி அவங்க கையிலதானே இருக்கு” என்றாள் அண்ணி, ரொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அத்தை, கத்தரி உங்க கையிலதான் இருக்காம்.”

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.”

ஒரு வாரமாக இந்த வீட்டில் இதுதான் நடப்பு. அம்மாவும் மகளும் நேருக்கு நேர் பேசுவதில்லை. நடுவில் மருமகளுக்குத் தொண்டை வறண்டுபோகிறது.

மாடியில் வீடு, கீழே பத்திரிகை அலுவலகம். ஆசிரியரம்மா தொடங்கிய பத்திரிகை அது. அச்சடிப்பதை நிறுத்தி, இப்போது முழுக்க இணையதளமாகிவிட்டது. மகள், அதாவது சின்னவளின் அண்ணி, இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். காலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினால், எழுதுவது, பிறர் எழுதியதைத் திருத்துவது எல்லாம் அவள்தான். தம்பி அவளுக்கு வைத்த பெயர் ‘கமா’. அவனுடைய கல்யாணப் பத்திரிகையிலேயே கமா குறைகிறது என்று திருப்பி அனுப்பியவள். அந்தத் தம்பிதான் பத்திரிகையின் புகைப்படக்காரன். அவன் மனைவி தளத்தைக் கட்டியவள், பராமரிப்பவள். குடும்பத்துக்குக் கடைசியாக வந்தவள் என்பதால் ‘சின்னவள்’ ஆனாள். உயரத்தில் வீட்டிலேயே அவள்தான் பெரியவள் என்றாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

போன வாரம் நடந்தது இதுதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒரு அம்மாளை அண்ணி பேட்டி எடுத்திருந்தாள். மனம்விட்டுப் பேசிய அந்த அம்மாள், தான் மறுமணம் செய்துகொள்ளப் போவதையும் சொன்னார். “இதை மட்டும் இப்ப போடாதீங்க. முதல்ல என் பொண்ணுகிட்ட நான் சொல்லணும்” என்றும் கேட்டுக்கொண்டார். அந்தப் பத்தியை எடுப்பதற்காகக் கட்டுரை வரைவு நிலையில் காத்திருந்தது. புகைப்படக்காரன் படங்களை ஏற்றினான். தன் வேலை முடிந்தது, இனி பாக்கி ஒன்றும் இல்லை என்று நினைத்து வெளியிட்டுவிட்டான். அந்த அம்மாளின் மகள் அதைப் பேருந்தில் வைத்துப் படித்தாள்.

பத்தி உடனே நீக்கப்பட்டது. கிரேன் ஓட்டும் அம்மாள் அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

ஆசிரியரம்மா அன்று எல்லார் முன்னாலும் மகளைப் பார்த்து, “உனக்குப் பொறுப்புன்னு ஒண்ணு இருந்தா இது நடந்திருக்குமா?” என்று கேட்டார். கூடவே ஒரு உத்தரவும் போட்டார். இனி வெளியிடும் பட்டனை அவர் மட்டும்தான் தொடுவார்.

தம்பி எத்தனையோ முறை “தப்பு என்னோடது” என்று சொல்லிப் பார்த்தான். அவன் சொன்னது இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை. ஆசிரியரம்மா ஒவ்வொரு கட்டுரையையும் வாய்விட்டுப் படித்து, வரி வரியாக யோசித்து வெளியிடுவார். கட்டுரைகள் குவிந்தன. ‘தளம் தூங்குதா?’ என்று வாசகர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். இன்று மாலை, அரையாண்டு விடுமுறைக்குப் பின் வரும் பள்ளி திறப்புச் சிறப்பிதழ் வந்தாக வேண்டும்.

சின்னவளுக்கு மட்டும் கோளாறு வேறு எங்கோ இருப்பதாகப் பட்டது. அவர்கள் தளத்தில் ஒரு கட்டுரை வரைவாக இருக்கும், இல்லாவிட்டால் வெளியாகிவிடும். ‘பரிசீலனையில்’ என்று மூன்றாவதாக ஒன்று பெயருக்கு இருந்தது. யாருடைய பரிசீலனை என்று தெரியாததால் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. நேற்று எழுத ஆரம்பித்த துண்டும் வரைவு, எல்லாம் முடிந்து ஒரே ஒரு பத்திக்காகக் காத்திருக்கும் கட்டுரையும் வரைவு. பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரம் முழுக்க அவள் உட்கார்ந்து, தளத்துக்குப் புதிய நிலைகளைச் சேர்க்கும் ஒரு சின்ன நிரலை எழுதியிருந்தாள். இன்று காலை, வெண்ணெயையும் தட்டுகளையும் ஒதுக்கிவிட்டு மடிக்கணினியை மேசை நடுவில் வைத்தாள்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் இதைப் பாருங்க. ஒரு கட்டுரை எந்தெந்த இடத்துல நிக்கும்னு பிரிச்சிருக்கேன். பேரு மட்டும் சரியா வைக்கணும்.”

திரையில் வரிசையாகப் பெயர்கள். எழுதவும். சரிபார்க்கவும். படம் போடவும். திருத்தவும்.

ஆசிரியரம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். பழைய கண்ணாடி. புதியது கடையில் தயாராகிக்கொண்டிருந்தது.

“இதெல்லாம் யாருக்கு உத்தரவு?”

“உத்தரவு இல்ல அத்தை, நிலை.”

“நிலைன்னா ஒண்ணு எங்க இருக்குன்னு சொல்லணும். உன் புருஷன் எங்கன்னு கேட்டா ‘கடையில இருக்கார்’னு சொல்லுவியா, ‘கடைக்குப் போகவும்’னு சொல்லுவியா?”

“எங்க இருக்கான்னு தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு” என்று முணுமுணுத்தாள் அண்ணி. தம்பி சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததால் தேநீரை உறிஞ்சிக்கொண்டான்.

சின்னவள் அங்கேயே மாற்றினாள். எழுத்தில். சரிபார்ப்பில். படத்துக்காக. திருத்தத்தில். தயார். ஒவ்வொரு நிலைக்கும் யார் பொறுப்பு, அதிலிருந்து அடுத்ததற்கு யார் நகர்த்தலாம் என்பதையும் காட்டினாள். ‘திருத்தத்தில்’ என்ற வரிக்கு நேராக அண்ணியின் பெயர் இருந்தது.

அண்ணி அதைச் சற்று நேரம் பார்த்தாள். “இத்தனை வருஷமா நான் எங்க உட்கார்ந்திருக்கேன்னு இப்பத்தான் தளத்துக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள். குரலில் குத்தல் இருந்தது. ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஒண்ணு குறையுதுன்னு சொல்லு.”

“என்ன குறையுது அண்ணி?”

“நாம யாரைப் பத்தி எழுதறோமோ அவங்க சரின்னு சொல்லணும் இல்ல? அதுவரைக்கும் கட்டுரை எங்க நிக்கும்?”

சின்னவள் இதை அத்தையிடம் திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. ஆசிரியரம்மா ரொட்டித் துணுக்குகளை விரல் நுனியால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தார்.

“சம்மதத்துக்காக” என்றார் கடைசியில். “அப்படிப் போடு.”

“போட்டுட்டேன்.”

“அந்த நிலையில இருக்கிறப்ப வெளியிடற பட்டனே கண்ணுல படக்கூடாது. எழுதினவங்க மட்டும்தான் அங்கிருந்து நகர்த்தணும்” என்றாள் அண்ணி. “யார் கண்ணுலயுமே படக்கூடாதுன்னு சொல்லு.”

“யார் கண்ணுலயுமேன்னா...” சின்னவள் மாமியாரைப் பார்த்தாள்.

“புரியுது.” ஆசிரியரம்மா எழுந்து தட்டை எடுத்துக்கொண்டார். பாத்திரம் துலக்கும் தொட்டி வரை போய், முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: “எனக்கும் வேண்டாம்.”

கீழே அலுவலகத்தில் சின்னவள் நிரலை இயக்கியதும், தளத்தின் உள்பக்கத்தில், அதாவது வாசகர் கண்ணில் படாமல் இவர்கள் மட்டும் வேலை செய்யும் பக்கத்தில், புதிய நிலைகள் வரிசையாக வந்து நின்றன. மூட்டையாகக் கிடந்த வரைவுகளை ஆளாளுக்குப் பிரித்துப் போட்டார்கள். அழுக்குத் துணியைப் பிரிப்பது மாதிரி அதில் ஒரு சுகம் இருந்தது. பாதிக்கு மேல் ‘படத்துக்காக’ என்ற தலைப்பின் கீழ் போய் விழுந்தன.

“எல்லாரும் என்னையே பாக்கற மாதிரி இருக்கு” என்றான் தம்பி.

“மாதிரி எல்லாம் இல்ல” என்றாள் அண்ணி.

அவன் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கணமே கிளம்பினான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன படங்கள், ஒரு பட்டியலில் தன் பெயருக்குக் கீழே நின்றதும் மதியத்துக்குள் வந்துவிடும் போலிருந்தது. சின்னவளுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். தான் கட்டிய வீட்டில் ஆட்கள் குடியேறுவதைப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு கட்டுரையும் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியதும் கண்ணாடிக் கடையிலிருந்து போன் வந்தது. ஆசிரியரம்மாவின் புதுக் கண்ணாடி தயார்.

“நான் போய் வாங்கிட்டு வந்துடறேன் அத்தை. இங்க எல்லாம் நல்லாத்தான் ஓடுது.”

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குப் பிறகு தோன்றியது.

கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து, உறையில் போட்டு, உறையை ஒரு பைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது, படங்களோடு அலுவலகத்துக்குத் திரும்பியிருந்த கணவனின் அழைப்பு வந்தது. பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல அடிக்குரலில் பேசினான்.

“நீ எங்க இருக்க?”

“கடையில. ஏன்?”

“எல்லாம் காணோம்.”

“என்ன எல்லாம்?”

“சிறப்பிதழ். மொத்தமா. பட்டியலே காலியா இருக்கு. அம்மா நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அக்கா புத்தகப் பை கட்டுரையை ஞாபகத்துல இருந்து மறுபடி எழுதிட்டிருக்கா.”

பையை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள். பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி நின்று மறுபடி போன் செய்தாள்.

“பழைய கட்டுரை எல்லாம் தெரியுதா?”

“தெரியுது.”

“தளம் ஓடுதா?”

“ஓடுது. நாம காலையில இருந்து பிரிச்சு வச்சது மட்டும்தான் இல்ல. மேல அந்தப் புது நிலைங்களும் இல்ல.”

“யாரும் எதையும் தொடாதீங்க. வந்துட்டேன்.”

அவள் உள்ளே நுழைந்தபோது அலுவலகத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆசிரியரம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். அண்ணியின் விரல்கள் தட்டச்சுப் பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. சின்னவள் கண்ணாடிப் பையை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து, தளத்தில் பொருத்தியிருக்கும் நிரல்களின் பக்கத்தைத் திறந்தாள்.

பார்த்ததும் புரிந்தது. அவளுடைய நிரல் அணைந்து கிடந்தது. அதன் பெயர் ‘சோதனை-2’. முதல் நாள், வருமா வராதா என்று தெரியாமல் எழுதிப் பார்த்தபோது வைத்த பெயர். நிலைகளுக்குப் பெயர் வைக்க ஒரு வாரம் யோசித்தவள், அந்த நிலைகளைத் தாங்கி நிற்கும் நிரலுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

இயக்கினாள். பக்கத்தைப் புதுப்பித்தாள். எல்லாம் காலையில் இருந்தபடி வந்து நின்றன.

“இருக்கு” என்றாள். “எதுவும் போகல.”

ஆசிரியரம்மா நாற்காலியைச் சுற்றி வந்து பொத்தென்று உட்கார்ந்தார். “எங்க போயிருந்துச்சு?”

“எங்கயும் போகல அத்தை. அலமாரியில பேப்பர் எல்லாம் அப்படியேதான் இருந்துச்சு. எந்தத் தட்டுல எதுன்னு தெரிஞ்ச ஆளை வெளிய அனுப்பிட்டோம். அதனால கேட்டா ‘அப்படி ஒண்ணும் இல்ல’ன்னு தளம் சொல்லிடுச்சு. ஆள் திரும்பி வந்ததும் எடுத்துக் குடுத்துடுச்சு.”

“அந்த ஆளை வெளிய அனுப்பினது யாரு?”

தட்டச்சுச் சத்தம் நின்றது.

“நான்தான்” என்றாள் அண்ணி. “பக்கம் திறக்கவே நேரமாச்சு. தேவையில்லாத நிரலை அணைச்சு வச்சா வேகம் வரும்னு இவதான் எப்பவோ சொன்னா. பாத்தேன். ‘சோதனை’ன்னு ஒண்ணு இருந்துச்சு. பழசுன்னு நினைச்சு அணைச்சேன்.”

தம்பி அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். போன வாரம் இதே அறையில், இதே ஆட்கள் நடுவில்தான் அந்தப் பேச்சு வெடித்தது. சின்னவள் சொல்ல வாயெடுத்தாள், தப்பு பெயரில்தான் என்று. அதற்குள் ஆசிரியரம்மா கேட்டுவிட்டார்.

“எப்ப அணைச்ச?”

“டீக்கு முன்னாடி.”

“எல்லாம் காணோம்னு இவன் கத்தினப்ப ஏன் சொல்லல?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லம்மா.”

அம்மா. ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தச் சொல் இந்த வீட்டில் கேட்டது. சின்னவள், தூங்க ஆரம்பித்த குழந்தையின் தொட்டிலிலிருந்து கையை மெல்ல எடுப்பது போல, மடிக்கணினியின் மேலிருந்து கையை எடுத்தாள். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் யாரும் தேவைப்படவில்லை.

ஆசிரியரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

“ஊரெல்லாம் தேடிக் கட்டிக்கிட்டு வந்தியே, பத்திரிகைக்காரன் வீட்டு மருமகளுக்கு ஒரு தலைப்பு வைக்கத் தெரியுதா பாரு.”

அண்ணி முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பு தம்பிக்கும் தொற்றியது. சின்னவளுக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் தன் தலை உருண்டாலும் பரவாயில்லை, இந்தச் சிரிப்பு நிற்க வேண்டாம் என்றிருந்தது.

“நீங்களே ஒரு பேரு சொல்லுங்க அத்தை.”

“கட்டுரை நிலைகள் அணைக்காதீர்கள்.”

“நிலைகளுக்கு அப்புறம் ஒரு கமா” என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்தபடி.

பிற்பகல் ஓட்டமாக ஓடியது. ஆசிரியரம்மா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. தகவல் சரிபார்த்தாயிற்று, மொழி பார்த்தாயிற்று என்பது பக்கத்திலேயே தெரிந்ததால், ஒவ்வொரு வரியிலும் நின்று சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை. கட்டுரைகள் ஒவ்வொன்றாக வெளியாகின. புத்தகப் பை கட்டுரையின் இரண்டாவது பத்தியை அண்ணி தானே வெட்டி அனுப்பியிருந்தாள்.

கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. அதுதான் முகப்புக் கட்டுரை.

ஒரு தையல்கார அம்மாளைப் பற்றியது. சின்ன வயதில் படிப்பை விட்டவர், இந்த ஆண்டு தன் மகளோடு சேர்ந்து பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறார். பகலில் மிஷின், மாலையில் மகளும் அவரும் ஒரே விளக்கின் கீழ் ஒரே பாடம். அண்ணி அதை அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாள். ‘கணக்கில் மட்டும் மகளைவிட அம்மா ஒரு பிடி அதிகம்’ என்று ஒரு வரி. அதைப் படித்தபோது ஆசிரியரம்மாவின் உதடு விரிந்ததைச் சின்னவள் பார்த்திருந்தாள்.

படம் பிரமாதமாக வந்திருந்தது. திருத்தம் முடிந்திருந்தது. தையல்கார அம்மாளும் முழுக்கப் படிக்கக் கேட்டுச் சரி சொல்லிவிட்டார். இருந்தும் அண்ணி அதைச் ‘சம்மதத்துக்காக’ நிலையில் வைத்திருந்தாள்.

“பட்டனைக் காணோம்” என்றார் ஆசிரியரம்மா.

“அது இன்னும் சம்மதத்துக்காக இருக்கு அத்தை.”

“அந்தம்மாதான் சரின்னுட்டாங்களே.”

“அவங்க பொண்ணு சொல்லல” என்றாள் அண்ணி தன் இடத்திலிருந்து. “அவளும்தானே இதுல வர்றா. ரெண்டு தடவை கூப்பிட்டேன். டியூஷன்ல இருக்கா போல, போன் அணைஞ்சிருக்கு.”

“சாயங்காலம் வரும்னு வாசகருக்குச் சொல்லியாச்சு. முகப்பு இல்லாம சிறப்பிதழா? அவ சின்னப் பொண்ணு. அம்மா சொன்னா அவ சொன்ன மாதிரிதான்.”

கிரேன் ஓட்டும் அம்மாளின் மகளைத்தான் அந்த அறையில் எல்லாரும் நினைத்தார்கள்.

ஆசிரியரம்மா மருமகள் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். “உன்கிட்ட எல்லாச் சாவியும் இருக்கே. நீ நினைச்சா நகர்த்தலாம் இல்ல?”

“நகர்த்தலாம்.”

“நகர்த்து.”

சின்னவளின் விரல் மவுஸின் மேலேயே இருந்தது. ஒரு சொடுக்கு. மாமியார் கேட்பது நியாயமாகவும் பட்டது. வாசகர்கள் காத்திருக்கிறார்கள், கட்டுரையில் யாரையும் புண்படுத்தும் எதுவும் இல்லை. அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது தோளிலேயே தெரிந்தது. அம்மா நினைத்தது நடப்பதையே பார்த்துப் பழகியவள் அவள்.

“அத்தை, நீங்க சொன்னா நான் செஞ்சுடுவேன்” என்றாள் சின்னவள். “ஆனா காலையில ‘எனக்கும் வேண்டாம்’னு நீங்கதான் சொன்னீங்க. முதல் நாளே நாம எடுத்துட்டா, நாளையில இருந்து அந்தப் பேருக்கு ஒரு மதிப்பும் இருக்காது. யாரும் நம்ப மாட்டாங்க. நானே நம்ப மாட்டேன்.”

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியார் சொன்ன ஒன்றுக்கு அவள் மறுத்துப் பேசியது இதுதான் முதல் முறை.

ஆசிரியரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. மறுபடி போட்டுக்கொண்டு மகளைப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணோட நம்பரைக் குடு. நான் பேசறேன்.”

மூன்றாவது முயற்சியில் மணி போயிற்று. ஆசிரியரம்மா போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார். தன் பெயரைச் சொல்லி, பத்திரிகையின் பெயரைச் சொல்லி, கட்டுரையை ஆரம்பத்திலிருந்து படித்துக் காட்டினார். எதிர்முனையில் அந்தப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு வரி வந்ததும் சைக்கிள் நின்றது.

“அது என்ன மேடம், அம்மா கணக்குல என்னைவிட அதிகம்னு?”

“உங்கம்மாதான் சொன்னாங்க.”

“அது காலாண்டுப் பரீட்சை. அரையாண்டுல நான்தான் அதிகம். அம்மா வேணும்னே பழைய மார்க்கைச் சொல்லியிருக்காங்க.”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப அந்த வரி தப்பும்மா” என்றார் ஆசிரியரம்மா. “எடுத்துடறேன். வேற ஏதாவது?”

“வேற ஒண்ணும் இல்ல.” சைக்கிள் மறுபடி நகரும் சத்தம் கேட்டது. “அம்மா மிஷின்ல உக்காந்துக்கிட்டே மனப்பாடம் பண்றாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அது நல்லா இருக்கு. அது இருக்கட்டும்.”

போனை வைத்துவிட்டு ஆசிரியரம்மா அந்த வரியை நீக்கினார். கட்டுரையிலேயே அழகான வரி. அழித்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்காம போட்டிருந்தா தப்பான தகவல் போயிருக்கும்” என்றார், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். “வா. நீ எழுதினது. நீயே தயார்னு போட்டு, நீயே வெளியிடு.”

“நானா?”

“பட்டன் என்ன எங்க அப்பன் வீட்டுச் சொத்தா? எழுதினவ நீ. திருத்தினவ நீ. கேக்கணும்னு நினைச்சவளும் நீதான்.” கொஞ்சம் நிறுத்தினார். “போன வாரம் நான் பேசினது அதிகம்.”

அண்ணி வந்து அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற அம்மா தோளில் வைத்த கையை அவள் விலக்கவில்லை. நிலையை மாற்றினாள். காணாமல் போயிருந்த பட்டன் வந்து நின்றது. அழுத்தினாள்.

தம்பி தேநீர் போடுகிறேன் என்று மாடிக்கு ஓடினான். முதல் வாசகரின் கருத்து வந்தபோது நால்வரும் அதைச் சுற்றி நின்று படித்தார்கள். ‘எங்க வீட்டு மிஷினுக்கும் பாடம் சொல்லிக் குடுக்கணும்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

பொழுது சாய்ந்ததும் அண்ணி கணவனுக்குப் போன் செய்து, சாப்பாட்டுக்கு இங்கேயே வந்துவிடச் சொன்னாள். தம்பியும் அவளும் மாடியில் தட்டு வைக்கும் சத்தமும், அதற்கு மேல் அவர்கள் சண்டை போடும் சத்தமும் கேட்டன. கீழே சின்னவள் விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தாள். ஆசிரியரம்மாவின் அறையில் மட்டும் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

“சாப்பிட வாங்க அத்தை.”

“இப்படி வா. கதவைச் சாத்திட்டு வா.”

சாத்தினாள்.

“தளத்துல அடியில ‘ஆசிரியர்’னு போட்டு என் பேரு வருமே. அதை எங்க மாத்தறது?”

சின்னவளுக்குக் காது கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்தது. “எழுத்துப்பிழை ஏதாவது இருக்கா?”

“இல்ல. எங்கன்னு காட்டு.”

அவள் குனிந்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஆசிரியரம்மா தன் பெயர் இருந்த கட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. நீண்ட பயணத்தில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தவரைப் போல இருந்தார்.

“வேற யார் பேரு போடணும் அத்தை?”

“நாளைக்குக் காலையில சொல்றேன். எல்லாரையும் வச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் உன் புருஷன்கிட்டயும் மூச்சு விடாத. முக்கியமா உங்க அண்ணிகிட்ட.”

மாடிப்படியின் உச்சியிலிருந்து அண்ணி கூப்பிட்டாள். “ரெண்டு பேரும் கீழ என்ன பண்றீங்க? சாப்பாடு ஆறுது.”

“வர்றோம்” என்று குரல் கொடுத்துவிட்டு, ஆசிரியரம்மா முன்னால் படியேறினார்.

சின்னவள் இரண்டு படி பின்னால் ஏறினாள். அண்ணியின் பெயரைத்தான் போடப்போகிறார், வேறு யார் இருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தாள். அப்படியானால் அண்ணியிடம் முக்கியமாக ஏன் மறைக்க வேண்டும்? ஒருவேளை தன் பெயரோ என்று தோன்றியதும் நடுப்படியில் அவள் கால் நின்றது. மேலே அண்ணி அவளுக்கும் சேர்த்து நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு, வா என்று கையசைத்துக்கொண்டிருந்தாள்.